ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

வட ஆற்காடு ஜில்லா முழுவதிலும் பாவம் நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆம்பூர் ரைட்டர் ஞானாபரணத்தின் வெள்ளைச் சட்டைக்கு உள்பக்கம்.

பீடி, சினிமா, சீட்டாட்டம் எதுவும் அவரை அண்டியதில்லை. குழாயடிச் சண்டையா? மனைவி கிருபையம்மாளை அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கீர்த்தனை பாடுவார். சொத்தைக் கத்தரிக்காயைக் கடையில் திருப்பிக் கொடுத்து வாதாடுவதும் அவள் இலாகாதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வாயிலிருந்து பொய் என்பது வந்ததே கிடையாது.

பொய் தேவைப்படாமல் இல்லை. அவர் கணக்கெழுதிய தோல் பதனிடும் ஷாப்பு நசீர் அகமது சாயபுவுடையது. ஊர் வழக்கப்படி அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு ஆராதனைக்குப் போக வேண்டிய மற்றக் கிறிஸ்தவர்கள் சம்பளத்தை இழந்து லீவு எடுத்தார்கள். ஞானாபரணத்துக்கு மட்டும் ஞாயிறுதோறும் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்குச் சம்பளம் உண்டு.

"கிருபை, ஷாப்புக்குப் போய் எனக்கு ஜுரம்னு சொல்ட்டு வந்துடு."

"நீங்களே ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்."

"நானா? பொய்யா? இன்னா பேச்சு பேசுற நீ!"

அவள் திரும்பி வரும்வரை முழங்காலில் நின்று அவளுடைய ஆத்துமாவுக்காக ஜெபிப்பார்.

இத்தகைய மகானைச் சபை சும்மா விடுமா? 'தூய வாழ்வுச் சங்கம்' அவரை ஏகமனதாகத் தலைவராக்கியது. அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று அவருக்கு மாலை மரியாதை. கோயில் மணிக்கூண்டு நிதியை மனதில் வைத்து, போதகர் யோபு ஐயர் ஊர்ப் பிரமுகர்களையும் அழைத்திருந்தார். முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் நசீர் அகமது சாயபு.

மாலையும் கழுத்துமாக நின்ற தலைவரைப் பார்த்து சாயபு கேட்டார்: "இன்னா ரைட்டரே, காலைலகூட உங்க வீட்டம்மா வந்து ஜுரம் ஜாஸ்தின்னாங்களே. மாலை போட்டா எறங்கிடுமா?"

கோயில் கொல்லென்று சிரித்தது. ஞானாபரணம் கலங்கவில்லை. "நான் சொல்லலீங்க சாயபு. சொன்னது அவ. என் வாய்ல பொய் வந்ததுண்டான்னு யார வேணா கேளுங்க."

"அட, வாயத் தொறந்து கேட்டா நானே ஆதிவாரம் லீவு குடுத்திருப்பேனே. சம்பளம் கட் ஆவும், அவ்ளோதான்."

சங்கம் அவசரமாகக் கூடித் 'தீர விசாரித்தது'. தலைவர் பொய் சொல்லவில்லை என்பது ஊர்ஜிதமாயிற்று. சொன்ன கிருபையம்மாள்மீது ஒழுங்கு நடவடிக்கை: கிறிஸ்துமஸ் முடியும்வரை கடைசி பெஞ்சு, திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. தீர்மானத்தில் தலைவர் கனத்த இதயத்தோடு முதல் கையெழுத்திட்டார்.

கிருபையம்மாள் இதுவரை ஒரு திருவிருந்தையும் தவறவிட்டதில்லை. போதகரிடம் போய் அழுதாள். "ஐயரே, கிறிஸ்மஸுக்காவது விடுங்க."

"இனிமே பொய்யே சொல்லாம இருந்து காட்டும்மா. அப்பறம் பாக்கலாம்."

அடுத்த ஞாயிறு வந்தது. காய்ச்சலுக்கு இனிச் சம்பளம் இல்லை. ஆகவே ஞானாபரணம் பூரண ஆரோக்கியத்தோடு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கிருபை, கோயில்ல கேட்டா எனக்கு ஜுரம்னு சொல்லிடு."

முன்வரிசையில் தலைவரின் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு, ஆராதனைக்கு முன் போதகர் கடைசி பெஞ்சைத் தேடி வந்தார்.

"தலைவர் எங்கம்மா?"

கிருபையம்மாள் எழுந்து நின்றாள். "ஷாப்புக்குப் போய்ட்டாரு ஐயரே. லீவு போட்டா சம்பளம் போய்டுமாம். உங்ககிட்ட ஜுரம்னு சொல்லச் சொன்னாரு. நான்தான் இப்போ பொய் சொல்லக் கூடாதே. வேணும்னா நீங்க சொல்லிக்குங்க."

போதகர் காலி நாற்காலியைப் பார்த்தார். சங்கத்தின் புதுப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு பீடத்துக்குப் போய்த் தொண்டையைச் செருமினார்.

"பிரியமானவர்களே, நம் தூய வாழ்வுச் சங்கத் தலைவர் கடுங்காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். அவருக்காக ஜெபிப்போம்."

சபை முழுவதும் உருக்கமாக "ஆமென்" என்றது. கடைசி பெஞ்சு மட்டும் சொல்லவில்லை. அது ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தது.