கை நல்லா கீது, தரை சரியில்ல

அன்று காலை அண்ணனூரில் ஏறி, மின்சார ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தவர்கள்: நான், அச்சகத்தில் வேலை பார்த்த சேவியர், மிடில். வராதவர் குப்புசாமி. மகளுக்குக் காது குத்துகிறேன் என்று லீவு போட்டிருந்தார். அவர் வந்திருந்தால் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்க மாட்டார். நானும் இதை எழுத நேர்ந்திருக்காது.

ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோற்பதில் மிடிலை மிஞ்ச அரக்கோணம் முதல் கடற்கரை வரை ஆள் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். சென்ட்ரல் பக்கம் ஒரு கடையில் தராசு பழுது பார்ப்பவர். நிஜப் பெயர் என்னவென்று நாங்கள் கேட்டதில்லை.

சேவியரின் சூட்கேஸை நாலு பேர் முழங்காலில் ஏந்திக்கொண்டால் அதுதான் எங்கள் ரம்மி மேடை. தோற்றவர் சென்ட்ரலில் டீ வாங்கித் தர வேண்டும். கை மோசமாக வந்தால் ஆரம்பத்திலேயே சீட்டைக் கவிழ்த்து விலகிவிடலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர். இருபது பாயிண்டோடு போகும். பாதியில் விலகினால் மிடில் ஸ்கூட், நாற்பது. கடைசி வரை இருந்து மாட்டிக்கொண்டால் எண்பது. மோசமான கைக்கு எல்லோரும் ஸ்கூட் அடிப்பார்கள். பிரமாதமான கைக்குப் பாதியில் ஸ்கூட் அடித்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அந்தப் பெயர்.

சேவியர் அவர் கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

“யோவ்! ரெண்டு ஜோக்கரு, மூணு ஏசு, ஒரே ஒரு சீட்டுதானய்யா பாக்கி! இத்தப் போயா கவுத்துகினே?”

“கை நல்லா கீது மாமே. தரை சரியில்ல.”

தரை என்றால் சூட்கேஸின் மேல் நாங்கள் இறக்கிப் போடும் சீட்டுகள். அதைத்தான் அவர் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“நீ ஜாக்கி போட்டே. குப்பு அள்ளிக்கினான். இதுவரைக்கும் ஒரு பத்து கூட வெளிய வரல. எங்க போச்சி பத்து? எவனோ அடைகாக்குறான். நான் ஏன் உக்காந்துகினு எண்பது வாங்கணும்?”

ஆறு முறையில் ஒரு முறை அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதி ஐந்து முறையும் டீ அவர் செலவு.

இந்தப் புத்தி ரயிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை ஆவடியில் படம் பார்க்கப் போனோம். இடைவேளையில் எழுந்து புறப்பட்டுவிட்டார். “ஹீரோ இப்போ நல்லா கீறான், கல்யாணம் வேற ஆயிடுச்சி. வில்லன் ஜெயில்லருந்து வந்துட்டான். இதுக்கு மேல பாத்தா நமக்குத்தான் கஷ்டம்” என்றார். பருத்திப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், வடை போட்ட கையோடு இலையை மூடினார். ரசம் ஊற்றுகிறவனின் கை நடுங்குகிறதாம். தன் வேட்டியோ புதுசாம்.

எங்கள் பெட்டியில் இன்னொரு சட்டம் இருந்தது. ஸ்கூட் ஆனவன் ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. விலகியவன் மற்றவர் கையை எட்டிப் பார்த்திருப்பானே, அதனால். நாங்கள் இதைச் சுமாராகக் கடைப்பிடித்தோம். மிடிலுக்கு அது வேதம். ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் வந்து அவரிடம் பாஸ் கேட்டார். மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பரிசோதகருக்கு முகம் சிவந்தது. சேவியர்தான் காப்பாற்றினார்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அவரு ஸ்கூட் ஆயிட்டாரு சார். பாஸு மேல் பாக்கெட்ல கீது, நீங்களே எடுத்துப் பாத்துக்குங்க.”

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். என் சட்டைப் பையில் நானூறு ரூபாய் இருந்தது. மாலைக் கல்லூரியில் பி.காம். சேரக் கட்டணம், அன்றுதான் கடைசி நாள். அப்பா வேலை செய்த பட்டறையில் பண்டிகை முன்பணமாகக் கெஞ்சி வாங்கியது. எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் பள்ளிக்கூடத்தையே முடித்ததில்லை. நான் இன்னும் சேரவே இல்லை. அதற்குள் பெட்டியில் எனக்குக் ‘காலேஜு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குப்புசாமியின் இடத்தில், முழுக்கைச் சட்டையும் செண்ட் வாசனையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். “நானும் சேர்ந்துக்கலாமா சார்?” என்றார். அம்பத்தூர் வருவதற்குள் இரண்டு ஆட்டம் என்னிடம் தோற்றார். தோற்ற கையோடு இருபது ரூபாயை என் கையில் திணித்தார். “மூளைன்னா இது சார் மூளை! இவங்களுக்கு டீ இருக்கட்டும். நமக்குள்ள மட்டும் பாயிண்டுக்கு அஞ்சு ரூபா, என்ன சொல்றீங்க?”

புகழ்ச்சிக்கு நான் புதிது. சரி என்றேன்.

வந்ததோ ராஜ கை. மூன்று ராஜா, மூன்று ராணி, ஜோக்கர் சேர்ந்த ஒரு வரிசை. ஜெயிக்க, ஜோக்கர் சேராத அசல் வரிசை ஒன்றும் வேண்டும். அதற்கு ஆட்டினில், அதாவது ஹார்ட் சீட்டில், ஆறும் ஏழும் தயார். ஐந்து வந்தாலும் ஜெயம், எட்டு வந்தாலும் ஜெயம். ஆனால் அந்த ஒரு சீட்டு வராவிட்டால் அத்தனை ராஜா ராணியும் எனக்கு எதிராக எண்ணப்படும். முழு எண்பது. அஞ்சால் பெருக்கினால் நானூறு.

சேவியர் முதலிலேயே விலகினார். பட்டரவாக்கத்தில் மிடிலும், வழக்கம்போல, கவிழ்த்தார். எழுந்து சோம்பல் முறித்து, கைப்பிடியைப் பிடித்தபடி புதியவரின் முதுகுப் பக்கம் போய் நின்றார். அங்கேயே உறைந்துபோனார்.

பிறகு இருமினார். கழுத்தைச் சொறிந்தார். கண்ணை உருட்டினார். நான் தலைநிமிரவில்லை.

“இன்னாய்யா, கொசுவா?” என்றார் சேவியர்.

மிடில் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். சட்டம். கொரட்டூர் தாண்டியது. நான் சீட்டு எடுத்தேன், ஐந்தும் இல்லை, எட்டும் இல்லை. போட்டேன். புதியவர் புன்னகைத்து, அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினார்.

மிடில் பெஞ்சின் மேல் ஏறி, அபாயச் சங்கிலியைப் பிடித்து முழு உடம்போடு தொங்கினார்.

ரயில் குலுங்கி நின்றது. சூட்கேஸ் கவிழ்ந்தது. சீட்டெல்லாம் பறந்தன. நான் வேண்டிக்கொண்டிருந்த ஆட்டின் எட்டு இரண்டும் புதியவரின் கையிலிருந்து விழுந்தன. ஐந்து இரண்டும் முன்பே இறங்கிய சீட்டுகளில் இருந்தன. அதை நான் கவனித்தால்தானே! போதாததற்கு அவருடைய முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து இரண்டு ஜோக்கர் நழுவின. நாங்கள் நிமிர்வதற்குள் அவர் தண்டவாளத்தில் குதித்து வில்லிவாக்கம் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்.

கார்டும் ரயில்வே போலீஸ்காரரும் வந்தார்கள். “சங்கிலிய இழுத்தது யாரு?”

மிடில் கையை மட்டும் தூக்கினார்.

“எதுக்குய்யா இழுத்தே?”

உதடு இறுகியே இருந்தது. போலீஸ்காரர் லத்தியைக் கையில் தட்டினார். சேவியர் அலறினார்: “யோவ் மிடிலு, ஆட்டம் முடிஞ்சிச்சிய்யா! ஒருத்தன் ஓடியே பூட்டான்! பேசு!”

மிடில் கீழே சிதறிக் கிடந்த சீட்டுகளை ஒரு தடவை பார்த்து, ஆட்டம் முடிந்ததுதான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வெகு மரியாதையாகச் சொன்னார்:

“காலேஜு கை நல்லா கீது சார். தரைதான் சரியில்ல.”

இது தகுந்த காரணமாக ஏற்கப்படவில்லை. ரயில்வே கோர்ட்டில் நிறுத்தி அபராதம் போட்டார்கள். நான் பையில் கையை விட்டபோது மிடில் என் மணிக்கட்டைப் பிடித்தார். “அத்த எடுத்தே, மறுபடியும் இழுப்பேன். ஓடு, காலேஜு மூடிடுவான்.”

ஓடினேன். கட்டினேன். சேர்ந்தேன்.

அபராதத்தைக் கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கி மிடில் கட்டினார். அதில் நூறு ரூபாயைச் சேவியர் கொடுத்தார். மறுநாள் குப்புசாமி, “நான் லீவு போட்டதாலதானே அவன் உள்ள பூந்தான்” என்று இன்னொரு நூறை நீட்டினார். என்னை ஒரு பைசா போடவிடவில்லை.

பட்டம் வாங்க எவ்வளவு ஆனது என்று யாராவது கேட்டால், கல்லூரிக்குக் கட்டியதோடு அதையும் சேர்த்தே சொல்கிறேன்: எனக்காக அவர்கள் கட்டிய அபராதம் இருநூற்று ஐம்பது ரூபாய்.