விமாமிரம்

எழுத்தாளர்களில் எழுதுகிறவர்கள் ஒரு வகை. எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே பணி ஓய்வு பெறுகிறவர்கள் இன்னொரு வகை. நாம் இங்கே பார்க்கப்போவது மூன்றாவது வகையை: நாவலைத் தானே எழுதி, தானே தட்டச்சு செய்து, தானே பிழை பார்த்து, தானே அட்டை வரைந்து, தானே பதிப்பித்து, போதாக்குறைக்கு 'இப்படி ஒரு நாவல் இதுவரை வந்ததில்லை' என்று பின்னட்டையில் தானே வியந்தும் கொள்கிற இனம். கண்டுபிடிப்பது சுலபம். வாய் திறந்தால் முதல் சொல் 'நானே'.

தன் புத்தகத்தைத் தானே போட்டுக்கொள்வது தப்பா என்று நீங்கள் கேட்பீர்கள். தப்பே இல்லை. அவரவர் புத்தகம், அவரவர் பாடு. ஆனால் தானே போடுவது வேறு, தன்னைத் தவிர வேறு யார் கண்ணும் படாமல் போடுவது வேறு. இரண்டாவதற்குத்தான் சொந்தச் செலவில் சூனியம் என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் கதாநாயகர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு 'நானே சார்' என்று பெயர். இரண்டு நாவல்கள் போட்டுவிட்டார். முதல் நாவலின் பெட்டிகள் மேல்தான் அவர் வீட்டில் துணி தேய்ப்பது. இரண்டாவது நாவலின் மேல் தொலைக்காட்சி நிற்கிறது. மருந்துக்கடை நடத்தும் அவர் மனைவி மூன்றாவது நாவல் எழுதப்படுகிறது என்று கேள்விப்பட்டதும், வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் ஒல்லியா இருக்கட்டுங்க, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல போகணும்" என்று மட்டும் சொன்னார். அலுவலகத்திலோ, லிஃப்ட்டுக்குள் நானே சார் நிற்பதைப் பார்த்தால், முழங்கால் வலிக்காரர்கள்கூட ஆறு மாடியையும் படியேறிக் கடந்தார்கள். உள்ளே மாட்டினால் "படிச்சீங்களா?" என்பார். படித்தேன் என்றால் "எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?" என்பார். இதற்கு முழங்கால் வலி எவ்வளவோ மேல்.

பதிப்பகத்துக்குக் கொடுக்கக் கூடாதா என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் அவர் மூக்கு சிவந்துவிடும். "என் எழுத்துல இன்னொருத்தன் கத்திரி வைக்கறதா?" உண்மையில் ஒரு பதிப்பகம் மூன்றாவது நாவலைப் போடவே சம்மதித்தது. ஒரே ஒரு யோசனை சொன்னார்கள்: முதல் நாற்பது பக்கச் சூரிய உதயத்தை எடுத்துவிட்டு, சித்தி வருகிற இடத்தில் கதையைத் தொடங்குங்கள், சித்திதான் உயிரோடு இருக்கிறாள். அந்தக் கடிதத்தை அவர் நான்காக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார். மேசை இப்போது ஆடுவதில்லை.

சித்தி உயிரோடு இருந்ததற்குக் காரணம் உண்டு. நாவலின் வில்லியான அந்தச் சித்தி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் இரங்கல் தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவால் ஒற்றுப்பிழை திருத்துவாள். குறுக்கெழுத்துப் புதிரை முடிக்காமல் காபியைத் தொடமாட்டாள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவர் வாக்கியத்தைத் தானே முடித்துவைப்பாள். நானே சாருக்குச் சொந்தத்தில் ஒரு சித்தி உண்டு. நாற்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். மற்றதை நான் சொல்ல வேண்டுமா?

அதோடு, முதல் இரண்டு நாவல்களையும் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் அந்தச் சித்திதான். அம்மா வேலைக்குப் போன காலத்தில் நானே சாரை வளர்த்ததும் சித்திதான். சித்தி மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். பிரியத்தோடுதான் வில்லியாக்கினார், எழுத்தாளர்கள் அப்படித்தான்.

அச்சுக்குப் போகிற அன்று காலையில் மனைவி கேட்டார்: "ஏங்க, இதை உங்க சித்தி படிப்பாங்கதானே?"

நானே சாருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த ஒரே வாசகியும் போய்விட்டால்? பதறிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தார். அவர் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே அவருக்கு மாமாவும் கிடையாது, மாமியும் கிடையாது. சித்தியை மாமியாக்கிவிட்டால் யார் மனசும் புண்படாது. 'சித்தி' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் 'மாமி' என்று மாற்று என்று கணினிக்கு உத்தரவு போட்டார். ஒரே தட்டு. எழுநூற்றுப் பதினொரு இடங்களில் மாற்றியாகிவிட்டது என்றது கணினி. சித்தி இத்தனை இடத்திலா வருகிறாள் என்று அவர் ஒரு விநாடி யோசித்திருக்கலாம். அச்சகத்துக்காரர் வேறு, "சார், ஒரே ஒரு தடவை புரூஃப் பாத்துடுங்க" என்று கெஞ்சினார்.

"நானே பாத்துட்டேன்" என்றார் நம்மவர்.

புத்தகம் வந்தது. மேலாளருக்கு முதல் பிரதி. மேலாளர் மரியாதைக்காக, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து உரக்க வாசித்தார்: "அவள் அவனை விமாமிரமாகப் பார்த்தாள்." நிமிர்ந்தார். "விமாமிரம்னா என்ன?"

நானே சார் பக்கத்தின் மேல் குனிந்தார். விசித்திரத்துக்கு நடுவில் ஒரு சித்தி உட்கார்ந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். சார், பிழையாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அந்த இனமே இல்லை.

"பழைய சொல் சார். வழக்கொழிஞ்சு போச்சு. நானே மீட்டெடுத்தேன்."

மேலாளர் லேசுப்பட்டவரா? "ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். மறுநாள் ஒரு கோப்பைத் தூக்கிப் போட்டு, "என்னய்யா இது, ரொம்ப விமாமிரமா இருக்கு?" என்று ஒரு எழுத்தரை விரட்டினார். எழுத்தர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். வாரம் முடிவதற்குள் கணக்குப் பிரிவில் 'விமாமிரமான ஆள்' என்று ஒருவருக்குப் பட்டமே வைத்துவிட்டார்கள். நானே சார் தரையில் நடக்கவில்லை. தமிழுக்குத் தான் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டதாக அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி வந்தார். கையில் நாவல். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டங்கள்.

"உக்காருடா. விமாமிரம்னா என்ன?"

"பழைய சொல் சித்தி..."

"நாப்பது வருஷம் தமிழ் நடத்தினவகிட்டயா? எந்தப் பழசுல வருது, சொல்லு."

நானே சார் தேய்ப்புப் பெட்டியைப் பார்த்தார். அது ஒன்றும் உதவவில்லை.

"எனக்கும் முதல்ல பிடிபடலை. 'மாமிரம் வரைந்தாள்'ங்கற. 'மாமிரவதை'ங்கற. கதாநாயகன் அந்தப் பொண்ணுகிட்ட, 'உன்னை இத்தனை நாள் நேமாமிருக்கிறேன்'ங்கறான், அவளும் அழறா. நானும் அழவான்னு பாத்தேன். அப்புறம் 'சற்று யோமாமிருந்தால்'னு வந்துது பாரு, அங்க பிடிச்சேன். யோசித்திருந்தால்! மாமி இருக்கற இடத்துல எல்லாம் சித்தியை வெச்சுப் பாத்தேன். விசித்திரம், சித்திரம், சித்திரவதை, எல்லாம் கச்சிதமா உக்காந்துது." சித்தி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா இடத்துலயும் வெச்சுப் பாத்தேன்டா. இரங்கல் தாள்ல பிழை திருத்தறாளே, அந்த மாமி வரைக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், ஒவ்வொரு கவளத்திலும் ஒரு துண்டை வெளியே நீட்டி வைத்திருந்தார் மனிதர்.

"சித்தி, அது வந்து... கற்பனை..."

"என்னை ராட்சசியா எழுதினதுகூடப் போகட்டும். நல்லாத்தான் எழுதியிருக்க. நான் வர்ற பக்கம்தான்டா படிக்கவே முடியுது." சித்தி நாவலை மூடி மடியில் வைத்தார். "உன் முதல் நோட்டுல இருந்து பிழை திருத்தினவ நான். என்னைப் பத்தியே எழுதிட்டு, என்கிட்ட புரூஃப் காட்டாமப் போனியே, அதுதான் தாங்கலை."

நானே சாருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. "தப்புதான் சித்தி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து மனைவி கேட்டதில்லை. காபி கொண்டுவந்த மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த பதிப்பை நீங்களே பாத்துக் குடுங்க" என்றார் நானே சார்.

"எனக்கு நேரமில்லைடா" என்றார் சித்தி. பையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "பதில் எழுதியாச்சு. நாவல். வில்லன், அக்கா மகன்."

நானே சார் முதல் பக்கத்தைப் புரட்டினார். கோப்புப் பிரிவு. லிஃப்ட். மூக்கு சிவத்தல். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அவருக்கு வியர்த்தது. பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றை அன்று சொன்னார்: "சித்தி, அவசரப்படாதீங்க. நல்ல பதிப்பகமா பாத்துக் குடுங்களேன். நாலு பேர் பாத்து, கொஞ்சம் வெட்டி, திருத்தி..."

"என் எழுத்துல இன்னொருத்தன் கத்திரி வைக்கறதா?" என்றார் சித்தி. "நானே போட்டுக்கறேன்."

ஆகவே இந்த நோய் ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. உங்களுக்கு அந்தப் பயமில்லை என்கிறீர்களா? நல்லது. நாவல் எழுதும் எண்ணமே உங்களுக்குக் கிடையாது. இழுப்பறையில் இருப்பது வெறும் முன்னுரைதான், அதுவும் பதினெட்டே பக்கம்தான். எல்லாம் சரி. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து மோவாயில் கை வைத்து, முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, பின்னட்டைப் படத்துக்கு இந்தக் கோணம் எடுக்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, அந்தக் கையை முதலில் எடுங்கள்.