இடிக்கச் சொன்னவனே எழுதும் மனு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, என் முழங்கால் மூவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், புதிதாக வாங்கிய இடிக்கும் இயந்திரமும் நலமென நம்புகிறேன். அந்த இயந்திரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பழைய பதிவு அலுவலகத்தை இடிக்கும் வேலை உங்களுக்குக் கிடைத்ததும் முதலில் கைதட்டியவன் நான். முப்பத்தோரு வருஷம் அதன் மூன்றாவது மாடியில், கோப்பு அறையில் உட்கார்ந்து தேய்ந்தவன். பூச்சுகூடப் பூசாத அந்த கான்கிரீட் பூதம் ஒழுகும், இருட்டும், மூச்சு முட்டும் என்று நகராட்சிக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தவனும் நான். இப்போது அதை இடிக்க வேண்டாம் என்று உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்பவனும் நானே. சிரிக்காமல் நடந்ததைக் கேளுங்கள்.

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். அந்தக் கட்டடத்தை நூலகம், நாடக அரங்கு, ஓவியக்கூடம் என்று மாற்றத் திட்டம் வரைகிறார்களாம், வருகிற திங்கட்கிழமை நகராட்சியில் காட்ட வேண்டுமாம், உள்ளே பழகிய ஒருவர் சுற்றிக் காட்டினால் நல்லதாம். குறைகளைக் காட்டியே இவர்களை ஓட வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். படியில் நான் உருண்டுவிடுவேன் என்று உங்கள் தங்கையும் கூடவே வந்தாள். இரண்டாவது மாடி வரை ஏறிவிட்டு, இனி உங்கள் பாடு என்று கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

முதலில் ஒழுகும் மூலையைக் காட்டினேன். அளவு நாடாவை இடுப்பில் செருகியிருந்த பெண் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, மழைத் தண்ணீர் வெளியேற விட்டிருந்த துவாரத்தை யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றாள். அந்த யாரோ நான்தான் மச்சான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், குளிர்காற்று வருகிறதென்று நானே கரண்டி பிடித்து அடைத்தேன். மூச்சுக் காட்டாமல் அடுத்து இருட்டைக் காட்டினேன். மேற்குப் பக்கம் வரிசையாக நின்ற இரும்பு அலமாரிகளை ஐந்து பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பின்னால் சுவர் முழுக்க ஜன்னல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அலமாரிகளை அங்கே நிறுத்த உத்தரவு வாங்கியதும் அடியேன்தான். ஜன்னலுக்கு வெளியே நெட்டுக்குத்தாக நிற்கும் கான்கிரீட் பலகைகளை, புறா உட்காரக் கட்டியது என்று கேலி செய்வோமே, அவற்றின் நடுவே மாலை வெயில் பட்டை பட்டையாகப் புகுந்து, தரையைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறியது. கான்கிரீட் வார்க்க அடித்த பலகையின் மர ரேகைகூட அந்தச் சுவரில் அப்படியே பதிந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் நான் பார்க்காத சுவர். அதைப் பார்த்தபடியே பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அது முக்காலி இல்லை. பிள்ளைகள் மூன்று வாரம் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருந்த அட்டை மாதிரிக் கட்டடம். அவர்களுடைய நாடக அரங்கு மொத்தமும் எனக்குக் கீழே போய்விட்டது. நாடாப் பெண் மட்டும், "பரவால்ல சார், அந்தக் கூரை எங்களுக்கே பிடிக்கல" என்றாள்.

அரங்குக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. எல்லோருமாக வட்டமாகச் சுற்றி இறங்கும் மாடிப்படியின் அடிக்குப் போனோம். கைதட்டிப் பார்த்தார்கள், யாராவது பாடினால் தேவலை என்றார்கள், பாடத்தான் ஆள் இல்லை. அப்போது மேலே நின்ற உங்கள் தங்கை பாடத் தொடங்கினாள்.

எப்படிச் சொல்வது மச்சான்? குரல் படிப்படியாகச் சுற்றி இறங்கி வந்தது. எதிரொலி என்று சொல்ல முடியாது. அவள் அடுத்த வரியை எடுக்கும்வரை முந்தைய வரியைக் கட்டடமே கையில் ஏந்திக் காத்திருந்தது. வீட்டில் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே நான் கேட்ட முணுமுணுப்பு இதுதானா? ஒரு பையன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பாட்டு முடிந்தது. "மேடை இங்கதான்" என்றாள் நாடாப் பெண், மெதுவாக. எனக்குக் கண் கலங்கியதைத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் நாலு பக்கத்தையும் திரும்பப் பெற்றுவிட்டேன். திங்கட்கிழமை உங்களைக் கேட்டால், இடிக்காமல் விடுவதில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் உங்கள் தங்கையின் குரல் இருப்பதைக் கண்டுபிடித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி, உங்களைவிடச் சாந்தமாக வளர என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். திங்கட்கிழமை விஷயத்தை நேற்றே போனில் பேசி முடித்துவிட்டாளாம், நீங்களும் சரி என்றுவிட்டீர்களாம். அது போகட்டும். கல்யாணமான புதிதில் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருவாளே, நான் சாப்பிட வெளியே வரும்வரை தினமும் அந்தப் படியில் நின்று பாடிக்கொண்டுதான் இருப்பாளாம். எல்லா மாடி ஆட்களும் வெளியே வந்து கேட்பார்களாம். நீங்களே இரண்டு முறை வந்து கேட்டதுண்டாம். ஏன் இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்குக் கேக்கும்னுதாங்க பாடுனேன். உங்க ரூம் கதவு மட்டும் எப்பவும் சாத்தியே இருக்கும்" என்றாள்.