பசுமைக் கல்லும் அடுக்களை ஜன்னலும்

அனல்மின் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் மலை இருந்தது. மலையை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. அதன் கடைசி வீட்டில் அடுக்களை ஜன்னலைத் திறந்து பதினோரு வருடம் ஆகிறது. திறந்தால் சாப்பாட்டில் சாம்பல் விழும். வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். எல்லோருக்கும் அவள் சோதனை அக்கா. அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். ஈரச் சாம்பலை அச்சில் அழுத்தி, மூடிய பெட்டியில் வைத்து, புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து உள்ளே செலுத்தினாள். இரண்டே நாளில் சாம்பல் கல்லாகிவிட்டது. சாம்பலும் தீரும், புகையும் குறையும். கல்லைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினாள்.

அவர் அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"சாம்பல் யாரோடது?"

"நம்மளோடதுதான் சார்."

"அது கழிவுப் பிரிவு. புகை?"

"அதுவும் நம்மளோடதுதான்."

"அது காற்றுப் பிரிவு. ஒரு பிரிவோட பொருளை இன்னொரு பிரிவுக்குள்ள விடணும்னா அனுமதி வேணும்மா."

"தினமும் அவ்வளவு புகையையும் வானத்துல விடறோமே சார், அதுக்கு?"

"வானம் எந்தப் பிரிவுலயும் இல்லையே!"

விண்ணப்பத்துடன் புகை மாதிரியின் மூன்று நகல்கள் கேட்டார்கள். அக்கா மூன்று பலூன்களில் பிடித்து அனுப்பினாள். 'ஒரு பலூன் சிறுத்திருப்பதால் உண்மை நகலாக ஏற்பதற்கில்லை' என்று பதில் வந்தது.

நல்லவேளையாக, தலைமை அதிகாரி ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டுப் பச்சை டை கட்டிக்கொண்டு திரும்பினார். மறுநாள் அலுவலகமே பச்சை டை கட்டியது. கோப்புகளுக்குப் பச்சை உறை, நாற்காலிகளுக்குப் பச்சைத் துண்டு. பச்சையாக வேறென்ன இருக்கிறது என்று தேடியவர்கள் கையில் அக்காவின் கல் சிக்கியது. அது சாம்பல் நிறம்தான். இருந்தாலும் 'பசுமைக் கல்' என்று பெயர் சூட்டி, கண்டுபிடித்ததற்காக மேலதிகாரிக்குப் பதக்கம் குத்தினார்கள்.

அனுமதி தானாக வந்தது; சாம்பலெல்லாம் கல்லாகி விற்றுப்போக, எட்டே மாதத்தில் மலை காணாமல் போயிற்று. அக்கா ஜன்னலைத் திறந்தாள்.

"அடியே, அங்க ஒரு மரம் இருக்குடி!" என்று வீட்டுக்காரர் கத்தினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் நகரத்தில் பசுமைக் கல் இல்லாத வீடு வீடே இல்லை என்றாகிவிட்டது. சுற்றறிக்கை வந்தது: 'பசுமைக் கல்லுக்கான சாம்பல் பற்றாக்குறையைப் போக்கும் பொருட்டு, நிலக்கரி எரிப்பை இரு மடங்காக்கவும், ஓராண்டுச் சாம்பலைக் கையிருப்பில் வைக்கவும் ஆணையிடப்படுகிறது.' மிஞ்சிய மின்சாரத்தில் தெருவிளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன. பழைய மலை இருந்த இடத்தில் கையிருப்பு வளர்ந்தது, பழசைவிட உயரமாக.

அக்கா பதறிக்கொண்டு போனாள். "சாம்பலை ஒழிக்கத்தானே சார் கல்லு?"

"சாம்பலை ஒழிச்சா கல்லுக்கு எங்கம்மா போறது?" என்றார் மேலதிகாரி. கண்டுபிடித்ததற்கான பதக்கம் அவர் சட்டையில் மின்னியது.

மறுவாரம் அக்கா ஊழியர் ஒதுக்கீட்டில் நாற்பது பசுமைக் கல்லுக்கு விண்ணப்பித்தாள். உபயோகம் என்ற இடத்தில், 'அடுக்களை ஜன்னலை அடைக்க' என்று எழுதினாள். அன்றே அனுமதி கிடைத்தது.

கல் வாங்கப் போனால் குடியிருப்பு முழுவதும் வரிசையில் நின்றது. முதல் ஆளாக, பதக்கமும் பச்சை டையுமாக மேலதிகாரி.

"உங்களுக்கு எத்தனை ஜன்னல் சார்?"

"ஏழும்மா," என்று இருமிக்கொண்டே சொன்னார் அவர்.