வளர்கிற பிள்ளைகளுக்கு வெட்டிய கால்சட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் தணிக்கை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் பட்டாளத்து ரகசியம் எதுவும் இல்லை ஐயா, எங்கள் வீட்டு ரகசியம் மட்டும்தான். கத்தரிக்கோலுக்கு ஓய்வு கொடுக்கலாம். நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை. ஆனால் சுகமில்லை என்று நீயே எட்டுப் பக்கம் எழுதிவிட்டபடியால் அந்த ஒரு வரியை மிச்சம் பிடிக்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அம்மா அதைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் நீ பட்டாளத்தில் பெயர் கொடுத்த நாளிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். "அவன் கடுதாசியை அடுப்படியில வச்சுப் படிங்க, எனக்குத் தலைக்கு மேல வேலை" என்றார். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான் இருக்கிறது. ஆகவே நான் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில் படித்தேன். நீ கப்பலேறும்வரை மிஷின் கடகடவென்று ஓடியது. ஆளுக்கொரு துணித்தொட்டில் கட்டி, இருபத்திரண்டு வயதில் உங்களைத் தூங்கவைத்தார்கள் என்ற இடத்தில் கொஞ்சம் மெதுவானது. மூன்று வாரமாகச் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கே தானம் செய்தாய் என்று படித்ததும் அம்மா, "ஐயோ, பிள்ளை வயித்துல ஒண்ணுமே தங்கலையே" என்றாள். மிஷின் நின்றுவிட்டது. "நூல் அறுந்துபோச்சு" என்று அப்பா, யாரும் கேட்காமலே சொன்னார். பாலைவனத்து முகாமைப் பற்றிய பக்கத்தில் மட்டும் நூல் நான்கு முறை அறுந்தது: நீ பகலெல்லாம் பதுங்குகுழி வெட்ட, சாயங்காலம் காற்று வந்து அதை மூடிவிட்டுப் போனபோது ஒன்று, முகம் கழுவிய தண்ணீரிலேயே சட்டை துவைத்து, அதையே வண்டி இஞ்சினுக்கும் ஊற்றியபோது ஒன்று, ரொட்டியில் ரொட்டியைவிட மணல் அதிகம் என்றபோது ஒன்று, நாலாவது எதற்கென்று தெரியவில்லை, நான் அப்போது மூச்சு வாங்க நிறுத்தியிருந்தேன்.

பிறகுதான் அண்ணா, நீ ஆறாம் பக்கத்தில் உன் வாயாலேயே கெட்டாய். உங்களுக்குக் கொடுத்த கால்சட்டையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை ஒரு சொல் விடாமல் படித்துவிட்டேன். இடுப்பில் இன்னொருவர் குடித்தனம் நடத்தலாம். காலடியில் நாலு விரல் உள்மடிப்பு வேறு, பிரித்தால் இன்னும் நீளும். அணிவகுப்பில் இருநூறு பேரும் வலது கையால் சல்யூட் அடித்து இடது கையால் மானத்தைக் காப்பாற்றினீர்கள். அதிகாரி 'இரண்டு கையையும் நீட்டு' என்றதும் முன்வரிசையே அவமானப்பட்டது. இதைத் தைத்த மகானுபாவன் யானைக்குத் தைத்துப் பழகியவனாக இருக்க வேண்டும். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். திரை விலகியது. கழுத்தில் அளவுநாடாவோடு அப்பா.

"அந்த மடிப்பு விஷயத்தை இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"உள்மடிப்புல கோணத்தையலா, நேர்த்தையலா? எழுதியிருக்கானா?"

"கோணத்தையலாம். பிரிக்கவே வரலையாம்."

"எப்படி வரும்? என் தையல்டி அது."

போன வருஷம் அவர் வேலை பார்க்கும் கடைக்குப் பட்டாளத்து உடுப்பு தைக்க வேலை வந்ததல்லவா, வெட்டியதெல்லாம் அப்பாதானாம். அளவுத்தாள் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, நமக்குப் பள்ளிக்கூட உடுப்பு வெட்டும் முறையில் வெட்டியிருக்கிறார். எட்டாம் வகுப்புவரை நீ இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு போனாயே, அதே முறை.

"எத்தனை வெட்டினீங்க?" என்றாள் அம்மா.

"ஆயிரத்து இருநூறு."

"அப்ப ஒரு பட்டாளத்துக்கே ஊக்கு வாங்கணும்!"

இருபது வயதுக்கு மேல் ஆண்கள் உயரமாக வளர்வதில்லை என்று அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "உன் புத்தகம் பிள்ளை பெத்திருக்கா?" என்றார். பிறகு யாரிடமோ சண்டை போடுவதுபோல, "எல்லாம் வளர்ற பசங்க. போனவன் திரும்பி வரப்போ இன்னும் வளர்ந்து வருவான். அப்ப போட்டுக்க வேணாமா?" என்றார். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நான் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். இரண்டு மாதத்தில் போர்முனைக்குப் போகிறோம், அதற்குள் அப்பா கையால் ஒரு வரி வந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அப்பா முன்னறைக்குப் போய்விட்டார். மிஷின் ஓடியது. எட்டிப் பார்த்தேன்; ஊசிக்கடியில் துணி இல்லை. புதன்கிழமை வெள்ளைத்தாளும் பேனாவும் அவர் மேசையில் வைத்தேன். தாளைக் கழுத்துப்பட்டி அளவுக்கு வெட்டிவிட்டார். வியாழக்கிழமை வைத்தது கைப்பட்டி ஆயிற்று. இப்படியே போனால் நீ திரும்புவதற்குள் ஒரு முழுச்சட்டை தேறும்.

நாளைக் காலைத் தபாலில் போனால்தான் உனக்குச் சமயத்தில் கிடைக்குமாம். 'அப்பா ஆசீர்வாதம் சொன்னார்னு சேர்த்துக்கடி, சாமி கோவிச்சுக்காது' என்று அம்மா கெஞ்சுகிறாள். உண்மையாக எழுதுவதாக முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டதால் முடியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா, வெயிலில் தலைக்குத் துணி கட்டச் சொன்னாள், குண்டு வரும் பக்கம் நிற்காதே என்றும் சொன்னாள். குண்டு எந்தப் பக்கம் வரும் என்று அவள் சொல்லவில்லை. குறையில்லாமல் போய், முழுசாக வந்து சேர்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: மேலே 'ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அப்பா வந்து, "என்ன எழுதியிருக்கே, படி" என்றார். அந்த இடம் வந்ததும், "சொல்லலைன்னா, சொல்ல ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா? பேனாவைக் கொடு" என்றார். பாதிப் பக்கம் மீதி இருக்கிறது என்றேன். போதாதாம், புதுத்தாள் மூன்று எடுத்து வைத்திருக்கிறார். எழுதும்போது அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாதாம். நானும் அம்மாவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறோம் என்றோம், நம்பவில்லை; விளக்கின் பக்கம் கையை நீட்டினார். "இருட்டுல எப்படிப்பா எழுதுவீங்க?" என்று கேட்டேன். "வரி கோணினா அவன் கோச்சுக்க மாட்டான், நீ நகரு" என்று சொல்லி, இந்த வரியை நான் முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.