பூமி நின்றால் விழுந்துவிடும்

மனைவியைச் சிரிக்க வைக்க அறிவியலை நம்பக் கூடாது. நம்பினால் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வர நேரிடும். நான் வந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். இராமநாதபுரத்தில் வாத்தியார் வேலை, கல்யாணமாகி ஒரு மாதம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். (பாசிதான் காரணம். அது எங்கள் தாத்தா காலத்துப் பாசி.) பார்க்க வந்த அத்தை, "வந்தவளுக்கு ஏழரைச் சனியாம்ல" என்று சொல்லிவிட்டுக் காபியும் குடித்துவிட்டுப் போனாள்.

அது என் மனைவி சிவகாமியின் காதில் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவள் சிரிக்கவே இல்லை. அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதுகூடத் தள்ளி நின்றே கையை நீட்டினாள்.

பரிகாரத்துக்குத் தேவிபட்டினம் போனோம். அங்கே கடலுக்குள் நவக்கிரகங்களாக ஒன்பது கல். தண்ணீரில் இறங்கி அவற்றைச் சுற்றிவிட்டு, கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அவள் மாற்றுச்சேலை கொண்டுவந்திருந்தாள். நான் கொண்டுபோகவில்லை. (படித்தவனுக்கு ஏது கிரகம்?) கல்யாண வேட்டியோடு இறங்கினேன்.

பயந்து பயந்து அவள் சுற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சனி உன்னையத் தேடி வரல சிவகாமி. அது சூரியனைச் சுத்திக்கிட்டிருக்கு. ஒரு சுத்துக்கே முப்பது வருசம் கிட்ட ஆகும். எங்கம்மாவைத் தள்ளிவிட அதுக்கு நேரமேது?"

அவள் நம்பவில்லை.

"நில்லு, செஞ்சே காட்டுறேன். நீ சூரியன், நான் பூமி. சூரியன் என்னைய இழுத்துக்கிட்டே இருக்கும்." இடுப்பளவு தண்ணீரில் என்னையும் சுற்றிக்கொண்டு அவளையும் சுற்றினேன்.

"இழுத்தா அது மேல போயி விழுந்துறாதாங்க?"

"ஓடிக்கிட்டே இருக்கிறதால விழாது. நின்னாத்தான் விழும்" என்று பெருமையோடு சொல்லிவிட்டு நின்றேன்.

தலை கிறுகிறுத்து நேரே சூரியன் மேல் விழுந்தேன். இருவரும் முங்கி எழுந்தபோது என் வேட்டி அலையோடு போய்க்கொண்டிருந்தது. பிடிக்கப் பாய்ந்த என் தோளை, கல்லைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் அமுக்கினார்.

"ஏலே, விட்ட துணியத் தொடாத! தோசம் திரும்பி வந்துரும்."

"நான் விடலைங்க, அதுவாப் போயிருச்சு!"

"அப்ப ரொம்ப நல்லது. சனீஸ்வரனே கேட்டு வாங்கிக்கிட்டாரு."

கழுத்துவரை தண்ணீரில் குந்தியிருந்தேன். சிவகாமி என்னைப் பார்த்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். வேட்டி போனதே நல்லது என்று எனக்கே தோன்றிவிட்டது.

மாற்றுச்சேலையை எனக்குக் கொடுத்துவிட்டு, கடலில் விட வேண்டிய சேலையை விடாமல் ஈரத்தோடே வந்தாள்.

"அப்ப பரிகாரம்?"

"ஒங்களச் சுத்தவிட்டதே போதுங்க."

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பெண்கள் பக்கம் உட்காரச் சொன்னார்.

மாம்பழக் கலர் சேலையில் என்னை வாசலில் பார்த்த அம்மா, கட்டுப்போட்ட கை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஏலே, ஏழரை ஒனக்குத்தான்டா! பாவம், இந்தப் புள்ள ஒங்கிட்ட வந்து மாட்டிக்கிருச்சே" என்று நல்ல கையால் சிவகாமியை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். அத்தை பேச்சு அன்றோடு எடுபடாமல் போனது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. அடுப்படியில் போய்ச் சும்மா நின்றால் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சிவகாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்:

"பூமி ஏன் நிக்குது? மேல விழுகவா?"