ஒரு பாட்டில் மஞ்சள் தண்ணீர்

சந்தேகம் வந்தால் ஒருவரிடம் கேட்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்டால் ஒரு சந்தேகம் மூன்றாகிவிடும். இது எனக்கு இப்போது தெரியும். நான்கு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியாது.

அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஏப்ரலில் என் மகள் யாழினிக்கு அம்மை போட்டிருந்தது. மே மாதம் எனக்கு விடுப்பு இல்லை. (சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு ‘அடுத்த டோக்கன்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வேதியியலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) கணவர் செந்தில் தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். கோடையில் போனால் மழை பிடித்த பிறகுதான் வருவார். அந்த வருடம் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தார்.

“எல்லாரும் ஊட்டி போனாங்க, கொடைக்கானல் போனாங்க. நாம பனமரத்துப்பட்டி ஏரிக்காவது போலாம்ல?” என்று யாழினி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது ஏரி அல்ல. என் நங்கையா. கணவரின் அக்கா கவிதாவைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வாக்கப்பட்டவர். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அந்த ஏப்ரலில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் போக அவருக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. தாய்வீடு என்றால் அது நாங்கள்தான். அந்தத் தாய்வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை.

போக முடியவில்லை. வீட்டில் அம்மை. ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. நிறைமாதக்காரியின் காதில் அந்த வார்த்தையைப் போடலாமா? சொன்னால் பயந்துவிடுவாரோ? அதனால் “லீவு கெடைக்கலீங்க நங்கையா” என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். பொய் சொன்னால் கெட்டிக்காரத்தனமாகச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் காத்திருந்து பெற்றவளிடம் போய், உன்னைவிட எனக்கு லீவு பெரிது என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு போன் செய்தால் மூன்று வார்த்தைதான். “ம்.” “சரி.” “வெச்சர்ட்டுமா?”

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் காலாண்டு விடுமுறை வரைக்கும் நகர முடியாது. அதற்குள் அந்த “ம்” கல்லாகிவிடும். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பாப்பாவை மடியில் வாங்கியே ஆக வேண்டும். வெள்ளை கவுன், கொலுசு, வசம்பு வளையல் எல்லாம் வாங்கித் தயாராக இருந்தபோது கணவர் சாவகாசமாகச் சொன்னார்:

“வெண்ணந்தூர்ல ராஜா அப்பா தவறி இருவது நாளாச்சு. நான் ஊர்ல இல்ல. வழிதானே, ஒரு எட்டுப் போயித் துக்கம் கேட்டுட்டுப் போயரலாம்.”

ராஜா அவருடைய பாலிடெக்னிக் சிநேகிதர். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறார்.

“ஏனுங்க, துக்கம் கேட்டுட்டுக் கொழந்தை பொறந்த ஊட்டுக்குப் போறதா? நேரா நம்ம ஊட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்தோணுமுங்க!”

“செரி, வரும்போது போலாம்.”

வரும்போது ராகு காலம். அதற்கப்புறம் ஏரி. நாளைக்குப் பள்ளிக்கூடம், நாளை மறுநாள் அவர் மறுபடி ரிக் வண்டியோடு கிளம்புகிறார். நான் சந்தேகத்தில் இறங்கினேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “கருமாதி முடிஞ்சிருச்சில்ல? அப்புறமென்ன தீட்டு?” என்றார். எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டேன். “முப்பது நாளு கணக்கு சாமி. ஆனா ஊட்டுக்குள்ள கால் வெக்கலீன்னா ஒட்டாது.” எங்கள் மருத்துவமனை நர்ஸைக் கேட்டேன். “மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கிட்டா எல்லாம் போயிரும்.”

நிதானமான பெண் ஒரு பதிலை எடுத்துக்கொள்வாள். நான் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கருமாதி முடிந்துவிட்டது, இருந்தாலும் நானும் யாழினியும் காரை விட்டு இறங்க மாட்டோம், இருந்தாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டேன். போதுமா என்று தோன்றியது. ஒரு ஸ்பூன் போட்டேன். பச்சைக் குழந்தை விஷயமாயிற்றே என்று இன்னும் மூன்று ஸ்பூன் போட்டுக் குலுக்கினேன்.

வெண்ணந்தூரில் வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தினோம். கணவர் உள்ளே போனார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையைக் குனிந்து, கைப்பேசியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்தான். கண்ணாடியில் டொக் டொக்.

ராஜாவின் அம்மா.

“ஏஞ் சாமி, வெய்யில்ல உக்காந்திருக்கறீங்க? உள்ள வரமாட்டீங்களா?”

அந்த முகத்தைப் பார்த்து, ‘உங்கள் வீட்டுத் தீட்டு ஒட்டிக்கொள்ளும்’ என்று யாரால் சொல்ல முடியும்? கதவைத் திறந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எங்க ஊட்டுக்காரரு செந்தில் கல்யாணத்துக்கு வந்துட்டு, அந்தப் புள்ள மொகத்துல ஒரு தெளிவு இருக்குதுன்னாருங் கண்ணு உங்களைப் பத்தி.” எனக்கும் அழுகை வந்துவிட்டது. (என் முகத்தில் தெளிவைக் கண்ட ஒரே மனிதர், அவரும் போய்விட்டார்.) அதன்பின் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, காப்பி குடித்து, முக்கால் மணி நேரம் இருந்தோம். யாழினி இரண்டு வாழைப்பழம் தின்றாள். எதிர் வீட்டு அக்காவின் கணக்கு அங்கேயே அடிபட்டது. மிச்சம் இருந்தது நர்ஸ் மட்டும்.

ஊரைத் தாண்டியதும் காரை நிறுத்தச் சொன்னேன். பாட்டில் மூடியைத் திறந்து, கணவர் தலையில், யாழினி தலையில், என் தலையில், சீட்டில், பின்னால் வைத்திருந்த பைகளின் மேல் எல்லாம் தெளித்தேன். போகப் போகத் தெளிப்பு வீச்சாக மாறியது.

“அம்மா, அப்பா சட்டை!” என்றாள் யாழினி.

வெள்ளைச் சட்டை. மார்பிலும் முதுகிலும் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. என் சந்தன நிறப் பட்டுச் சேலையிலும் அப்படியே.

“என்னம்புள்ள இது? ஊட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிச்சுட்டே?”

“இருங்க, சோப்பு இருக்குது” என்றேன். கைப்பையில் காகித சோப்பு எப்போதும் வைத்திருப்பேன். அவரை வெயிலில் நிறுத்தி, சோப்பை நனைத்து மஞ்சள் புள்ளியில் தேய்த்தேன்.

இங்கேதான் வேதியியல் வருகிறது. மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலப்பது அதற்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். சோப்பும் காரம்தான் என்பது, எம்.எஸ்சி. முதல் வகுப்பில் தேறியவளுக்கு, கணவரின் மார்பில் இரத்தச் சிவப்பாகப் பத்துப் புள்ளிகள் பூத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கழுவக் கழுவ அது பரவியது. தேய்க்காத இடத்தில் மஞ்சள், தேய்த்த இடத்தில் சிவப்பு. வெட்டுக்குத்து வழக்கில் தேடப்படுகிறவர் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்தது போல் இருந்தார்.

“திரும்பிப் போயரலாமுங்களா?” என்றேன்.

“அக்கா காலைலயே சமைச்சு வெச்சிட்டு உக்காந்திருக்குது” என்றார் அவர்.

மல்லசமுத்திரம் தோட்டத்து வீட்டு வாசலில் கார் நின்றதும் நங்கையாவின் மாமியார்தான் முதலில் வெளியே வந்தார். பின்னால் பாப்பாவைத் தோளில் போட்டபடி நங்கையா. முகத்தில் சிரிப்பு இல்லை. “வாங்க” என்ற ஒற்றைச் சொல். அதுகூட எனக்கல்ல, பொதுவாக.

மாமியார் என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊட்டுல சாமி ஆரத்தி எடுத்தாங்க? தட்டோட மேல ஊத்திட்டாங்களா?”

“கோயிலுக்குப் போனமுங்க அத்தை” என்றேன் நான். (என்னுடைய இரண்டாவது பொய். முதல் பொய்யின் தரம்தான்.) “அங்க மஞ்சத் தண்ணி தெளிச்சாங்க.”

“எந்தக் கோயிலு?”

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி முன்னால் வந்தாள். தப்பைத் திருத்தாமல் விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. என் வளர்ப்பு.

“கோயில் இல்லீங்க. செத்தவங்க ஊட்டுக்குப் போனோம். காப்பி குடிச்சோம். அப்புறம் அம்மா ரோட்டுல நிக்க வெச்சு எங்க மேல ஊத்துனாங்க. சோப்புப் போட்டதும் செவந்துருச்சு.”

“அப்படியே நில்லுங்க!” என்று மாமியார் போட்ட சத்தத்தில் தூக்கிய காலை நான் கீழே வைக்கவில்லை. “கவிதா, பாப்பாவை உள்ள கொண்டுட்டுப் போ! ஒருத்தரும் வாசப்படி ஏறப்படாது. எல்லாரும் பொறகால தொட்டிக்குப் போங்க!”

நங்கையாவின் கணவர் ஓடிப் போய் மோட்டாரைப் போட்டார். (அந்தப் போர் என் கணவரின் வண்டி போட்டதுதான். “தண்ணி எப்படி வருது பாத்தியா?” என்று அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமை.) கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு சிமெண்ட் தொட்டி. அதில் குழாய்த் தண்ணீர் வெள்ளையாக வந்து விழுந்தது. பட்டுச் சேலையோடு, மல்லிகைப் பூவோடு, நான் அதன் அடியில் போய் நின்றேன். தண்ணீர் தலையில் இறங்கியதும் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. எது கண்ணீர், எது போர்த் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு வாய்த்த சௌகரியம். அவ்வளவுதான், இனி “ம்” கூட வராது என்று நினைத்தேன்.

யாழினி மட்டும் தொட்டிக்குள் குதித்து, முங்கி, “அம்மா, இது ஏரியை விட சூப்பர்!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு நங்கையா சீயக்காய்க் கிண்ணத்தோடு வந்தார். என்னைப் பார்க்காமல், யாழினியின் கவுனைக் கழற்றி முதுகு தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த கை நின்றது.

“என்ன சாமி இது, முதுகெல்லாம் தழும்பு?”

“அம்மை போட்டிருந்துச்சுங்க அத்தை. பாப்பா பொறந்தப்ப. சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்ப சொல்லலாம்ல?” என்று என்னைக் கேட்டாள்.

நங்கையா மெல்லத் திரும்பினார். மூக்குத்தியில் தண்ணீர் சொட்ட நான் நின்றுகொண்டிருந்தேன்.

“லீவு கெடைக்கலேன்ன?”

“நெறமாசமா இருந்தீங்க... அம்மைன்னு சொல்ல வாய் வல்லீங்க.”

“அறிவு கெட்டவளே. ரெண்டு மாசமா என்ற பொறந்த ஊட்டுக்கு நான் வேண்டாதவளாயிட்டனேன்னு நெனைச்சு நெனைச்சு...” அவர் குரல் உடைந்தது. அடுத்த கணம் என் கணவர் தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா, சோப்பு வேணும்” என்றார்.

“அவனுக்குச் சோப்புக் குடுத்தறாதீங்க!” என்றார் மாமியார் வீட்டுக்குள்ளிருந்து. “இன்னும் செவக்கும்!”

நங்கையா சிரிக்க ஆரம்பித்தார். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்தவே முடியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மாற்றுத் துணி எதுவும் நான் கொண்டுவரவில்லை. (மூன்று பேரும் அதைச் சொல்லவில்லை.) பிரசவத்துக்கென்று எடுத்த நங்கையாவின் ஊதா நைட்டியைப் போட்டுக்கொண்டேன். அதில் என்னைப் போல் இன்னொருத்தியும் நுழையலாம். கணவருக்கு மச்சானின் லுங்கி. அந்தக் கோலத்தில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வாங்கினேன். பையைப் பிரித்தால், பாப்பாவின் வெள்ளை கவுனிலும் மஞ்சள் தெறித்திருந்தது.

“ஊரே புதுத்துணிக்கு மூலையில மஞ்சள் வெக்கும். இவ பரவலா வெச்சிருக்கறா” என்றார் நங்கையா. அப்படியே பாப்பாவுக்குப் போட்டும் விட்டார்.

ஏரிக்குப் போகவில்லை. மறுநாள் வகுப்பில், விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “செத்தவங்க ஊட்டுக்குப் போனோம், அப்புறம் எல்லாரும் சேர்ந்து குளிச்சோம், ஜாலியா இருந்துச்சு” என்று யாழினி சொல்ல, பள்ளி திறந்த முதல் நாளே டைரியில் ‘பெற்றோர் வந்து பார்க்கவும்’ என்று எழுதி வந்தது. வருடத்தின் முதல் குறிப்பை வாங்கிய பெருமை என் குடும்பத்துக்கு.

பாப்பாவுக்கு இப்போது நான்கு வயது. இந்த ஜூனில் அவளும் எல்.கே.ஜி. போகிறாள். கொய்யா மரத்தில் ஓர் ஆணி அடித்து, அந்த ஊதா நைட்டியை எனக்கென்றே மாட்டி வைத்திருக்கிறார்கள். நிறம் போய்விட்டது, எடுக்க மாட்டேன் என்கிறார்கள். போன வாரம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பி, நங்கையாவுக்குப் போன் செய்தேன்.

“கெளம்பிட்டமுங்க நங்கையா.”

“நேராத்தான வாரே? வழியில ஒண்ணும் சோலி இல்லையே?”

“இல்லீங்க” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.